டப்ளின் வழியாக

நவம்பர் பிறந்தால்
நியூயார்க்கில் சந்தை திறக்கிற அதே பத்தரைக்கு
பாயான் லெப்பாஸ் கேண்டீனில் எங்களுக்கு இடைவேளை.
சல்மா மைலோ கலக்குவாள்.
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து
இரண்டு மடக்கு குடித்த பிறகுதான் பார்ப்பேன்.
இருபத்திரண்டு வருடம் உருப்பெருக்கியில் குனிந்த கண்,
பச்சையையும் சிவப்பையும்
உடனே நம்பாது.

முதலில் வாங்கியது அமெரிக்காவிலேயே பதிந்த இ.டி.எஃப்.
ஐந்நூறு கம்பெனி, ஒரே கூடை.
முதல் ஈவுத்தொகை பதினான்கு டாலர் என்று அறிவிப்பு.
வந்தது ஒன்பது டாலர் எண்பது காசு.
சம்பளச் சீட்டில் அரைமணி ஓவர்டைம் குறைந்தாலே
எச்.ஆர். வாசலில் போய் நிற்கிறவள் நான்.
மூன்று தடவை கூட்டினேன்.
கணக்கில் தப்பில்லை.
ஜெலுத்தோங் சந்தையில் மீனை நிறுத்துவிட்டுத்தான் தலையை வெட்டுவார்கள்,
காசு முழு மீனுக்கு.
இந்த மீனுக்குத் தலை
நூற்றுக்கு முப்பது.

அதே ஐந்நூறு கம்பெனி
டப்ளினில் பதிந்த கூடையில் இருந்தால் பதினைந்துதான் போகும்.
அவர்களுக்குள் ஒப்பந்தம் இருக்கிறது, நமக்கு இல்லை.
அயர்லாந்தை அதுவரை
ஒரு வெண்ணெய்ப் பொட்டலத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.
விற்று, மாற்றி, கமிஷன் கட்டி,
விடிகாலை நாலரைக்குப் படுத்தேன்.

படிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது:
அமெரிக்கப் பங்கை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரி செத்தால்,
அறுபதாயிரம் டாலருக்கு மேல்
சாவுக்கும் வரி.
வரியைப் பற்றிய அந்த வரியை மறுபடி படித்தேன்.
என்னிடம் இருந்தது மொத்தம் பதினோராயிரம்.
ஆனாலும் அன்றைக்கு ஒரு பத்து நிமிடம்
பணக்காரியைப் போல பயந்துகொண்டு படுத்திருந்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

யோகராஜனுக்கு இதெல்லாம் ஆகாது.
இ-ஹெய்லிங் ஓட்டுகிறார்.
ஒவ்வொரு சவாரி முடிந்ததும் போனில் 'டிங்'.
டிங் என்று கேட்காத பணத்தை
அவர் பணமென்று ஒப்புக்கொள்வதில்லை.
நான் வாங்கியதோ சேர்க்கும் வகை,
ஈவை வெளியே விடாமல்
உள்ளுக்குள்ளேயே பங்காக்கிக்கொள்ளும்.
"கொடுக்காத ஈவு என்ன ஈவு, குணா?"
வளருது என்றேன்.
"கட்டியும்தான் வளரும்."

மார்ச்சில் இரண்டு காகிதம்.
ஒன்று கேண்டீன் பலகையில்:
இந்தக் காலாண்டு முதல் சனிக்கிழமை ஓவர்டைம் இல்லை.
இன்னொன்று போனில்:
நான் கழுத்தில் அட்டை மாட்டியிருக்கும் இதே கம்பெனி
தன் ஈவை உயர்த்தியிருக்கிறது.
என் கூடையில் அது எத்தனையாவது என்று தேடினேன்.
நூற்று நாற்பதாவது.
நான்தான் முதலாளி,
ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்கு,
அதுவும் என் பதினோராயிரத்தில்.

சனிக்கிழமை போனதில் எனக்கு மாதம் நூற்றெழுபது வெள்ளி நட்டம்.
உயர்ந்த ஈவில் எனக்கு வருவது
கைப்பேசிக் கணக்குப்பொறியில் போட்டுப் பார்த்தால்
ஆண்டுக்குப் பன்னிரண்டு காசு.
அது இங்கிருந்து கிளம்பி,
அமெரிக்கா போய்,
டப்ளினில் பதினைந்து விழுக்காடு உதிர்த்துவிட்டு,
நான் உட்கார்ந்திருக்கும் இதே பிளாஸ்டிக் நாற்காலிக்கு
பத்துக் காசாகத் திரும்புகிறது.
எவ்வளவு திறமையாக வரியைக் குறைத்திருக்கிறேன்!
சிரித்துவிட்டேன்.
சல்மா என்னவென்று கேட்டாள்.
மலாயில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.
அவளுக்கும் சனிக்கிழமை போயிருந்தது.
அவளிடம் பத்துக் காசும் இல்லை.

திரும்பிப் போய்க் குனிந்தேன்.
கால் வளைந்த சிப் ஒன்று.
முதலாளிக்கு அது நட்டம்.
தள்ளினேன்.

காலை ஏழுக்கு வாசலில் யோகராஜன்,
கதவைத் திறந்துவிட்டபடி கேட்டார்:
"வந்துச்சா?"
வந்துச்சு, பத்துக் காசு.
"சத்தமே கேக்கலையே."
கேக்காது என்றேன்.
பாலம் ஏறும்வரை ரெண்டு பேரும் பேசவில்லை.
பிறகு அவர் போன்
'டிங்' என்றது.